கேலனுக்கு 12 மைல்: பழைய பெரிய பிக்கப் வாங்கும்முன் போட்ட கணக்குகள்

டெக்சஸில் பழைய பெரிய பிக்கப் ஒன்று வாங்கப்போகிறேன் என்று சொன்னால் இரண்டு விதமாகக் கேட்பார்கள். உள்ளூர்க்காரர்கள் "டீசலா, கேஸா?" என்பார்கள் (பெட்ரோலைத்தான் இங்கே கேஸ் என்பார்கள்). நம் ஆட்கள் "மைலேஜ் எவ்வளவு?" என்பார்கள். இரண்டுமே நியாயமான கேள்விதான், ஆனால் இரண்டுமே முதல் கேள்வி அல்ல. அந்த வண்டி எத்தனை பவுண்டு தூக்கும், வருஷத்துக்கு எத்தனை மைல் ஓடப்போகிறது என்ற இரண்டுக்கும் விடை தெரிந்த பிறகுதான் மற்றக் கேள்விகளுக்கே அர்த்தம் வரும். நான் வாங்கியது கேலனுக்கு 12 மைல் கொடுக்கும் வண்டி. கண்ணைத் திறந்துகொண்டுதான் வாங்கினேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்களுக்கு டாலஸுக்கு வடகிழக்கே, ஃபானின் கவுன்டியில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. பிளாக்லேண்ட் ப்ரெய்ரி என்று இங்கே சொல்லும் கறுப்பு மண். கோவில்பட்டிக்காரிக்குக் கரிசலை யாரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். மாதுளை, அத்தி, பீக்கன் கன்றுகள் வைத்திருக்கிறோம். தண்ணீர் இணைப்பு இன்னும் வரவில்லை. போர் போடக் கேட்ட தொகையில் இன்னும் கொஞ்சம் நிலமே வாங்கிவிடலாம். முதல் கோடையை மினிவேனில் கேன் கேனாகத் தண்ணீர் சுமந்து ஓட்டினோம். முதுகும் போயிற்று, வேனின் பின் கம்பளமும் போயிற்று.

தேவை தெளிவாக இருந்தது. இரும்புக் கூண்டுக்குள் வெள்ளைப் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று வருமே, இங்கே அதை டோட் என்பார்கள், 275 கேலன் பிடிக்கும். அதைப் பின்னால் வைத்து, ஊருக்குள் இருக்கும் தண்ணீர் நிரப்பும் நிலையத்தில் பிடித்துக்கொண்டு வந்து கன்றுகளுக்கு விட வேண்டும். மற்ற நாளில் மட்கு உரம், வேலிக் கம்பம், பலகை ஏற்ற வேண்டும்.

கணவர் எடுத்த எடுப்பில் சொன்னார், "யானையைக் கட்டித் தீனி போடுற வேலைம்மா இது." அப்பாவுக்கு ஃபோன் போட்டால் அவர் லிட்டர் கணக்கில் கேட்டார். லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் என்றேன். "அஞ்சா? லாரியே அம்புட்டு குடுக்குமே தாயி! ஒரு டாட்டா ஏஸ் பிடிச்சு மூணு நடை அடிச்சா சோலி முடிஞ்சது." அமெரிக்காவில் டாட்டா ஏஸ் கிடைக்காது என்பதை அவர் இன்னும் நம்பவில்லை. அந்த அளவில் ஒரு சின்ன வேலை வண்டி இங்கே ஏன் இல்லை என்பது தனிக் கதை. 1960களின் தொடக்கத்தில் ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரி போட்டன. பதிலுக்கு அமெரிக்கா 1964 முதல் இறக்குமதி லைட் ட்ரக்குகளுக்கு 25 சதவீத வரி விதித்தது. கோழிச் சண்டை எப்போதோ தீர்ந்தது, ட்ரக் வரி மட்டும் நின்றுவிட்டது. பிக்கப் சந்தை பெரும்பாலும் உள்ளூர்த் தயாரிப்புகளின் கையில் இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

முதலில் பார்த்தவை எல்லாம் அரை டன் வகை (அது வகைப் பெயர்தான், தூக்கும் எடை அல்ல). ஃபோர்டு எஃப்-150, ஷெவி சில்வராடோ 1500, ராம் 1500, டொயோட்டா டன்ட்ரா எல்லாம் இந்த வகைதான். சாலையில் நாம் பார்க்கும் பிக்கப்புகளில் பெரும்பாலானவை இவைதான். விளம்பரத்தில் "10,000 பவுண்டு இழுக்கும்" என்று போட்டிருப்பதைப் பார்த்து, நம் தொட்டி இதற்கு ஒரு பொருட்டா என்று நினைக்கத் தோன்றும்.

ஓட்டுநர் கதவைத் திறந்தால், கதவுச் சட்டத்தில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். டயரில் எவ்வளவு காற்று என்று போட்டிருக்கும் அதே ஸ்டிக்கர். அதில் ஒரு வரி: ஆட்கள், சரக்கு இரண்டும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டவே கூடாது. நான் ஆசைப்பட்டுப் பார்த்த வண்டி நான்கு கதவு, தோல் சீட்டு, கண்ணாடிக் கூரை எல்லாம் உள்ள ஒன்று. அதன் ஸ்டிக்கரில் 1,240 என்று இருந்தது. விற்பனையாளர் என் கணவரைப் பார்த்தே ஸ்டீரியோவின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கதவோரம் நின்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் இருவர் எடை 320. மீதி 920. காலித் தொட்டியே 130 பவுண்டுக்குப் பக்கம். ஒரு கேலன் தண்ணீர் 8.34 பவுண்டு. ஆக, 275 கேலன் தொட்டியில் நூறு கேலன்கூட நிரப்ப முடியாது. முழுத் தொட்டி 2,400 பவுண்டைத் தாண்டும். வண்டிக்கு அனுமதித்ததில் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இழுவைக் கணக்கும் இதே ஸ்டிக்கரில்தான் போய் முட்டும். ட்ரெயிலரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை கொக்கியின் மேல் கீழ்நோக்கி அழுத்தும். அந்த எடையும் வண்டி சுமக்கும் எடைதான். 10,000 பவுண்டு ட்ரெயிலர் என்றால் குறைந்தது 1,000 பவுண்டு கொக்கியில் உட்காரும். 1,240-ல் ஆயிரம் போனால் மீதி 240. ஓட்டுபவரும் ஒரு பையும் உள்ளே ஏறலாம், மனைவி மக்களை வேறு காரில் வரச்சொல்ல வேண்டியதுதான். சொகுசு கூடக்கூட வண்டியின் சொந்த எடை கூடும், ஸ்டிக்கரில் எண் குறையும். ஒரே மாடலில் வெறும் ரெக்ஸின் சீட்டு வண்டி, தோல் சீட்டு வண்டியைவிட அதிகம் தூக்கும். அதனால் இணையத்தில் மாடல் பெயர் போட்டுத் தேடி வரும் எண்ணை நம்பாதீர்கள். அந்த வண்டியின் கதவு ஸ்டிக்கரைப் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விற்பவர் அனுப்பத் தயங்கினால் அவர் நேரமும் மிச்சம், உங்கள் நேரமும் மிச்சம்.

இதனால்தான் முக்கால் டன் வகைக்குப் போனேன். எஃப்-250, சில்வராடோ 2500, ராம் 2500 என்று வரும். இவற்றின் மைலேஜ் என்ன என்று அரசுத் தளத்தில் தேடினால் கிடைக்காது. சுமையோடு சேர்ந்த உச்ச எடை 8,500 பவுண்டைத் தாண்டும் பிக்கப்புகளுக்கு மைலேஜ் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டிய கட்டாயமே இல்லை. உள்ளதிலேயே அதிகம் குடிக்கும் வகைக்கு மைலேஜ் சொல்ல வேண்டாம் என்று விதி. ஓட்டுபவர்களிடம் கேட்டால் எட்டு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினுக்கு, அதாவது வி8-க்கு, 11, 12, 13 என்பார்கள். சுமை ஏற்றினால் ஒற்றை இலக்கத்துக்கும் இறங்கும்.

இப்போது மைலேஜுக்கு வருவோம். கேலனுக்கு இத்தனை மைல் என்ற அளவு நம் கண்ணைக் கட்டும் அளவு. ஒருவர் 30 மைல் காரை விற்று 40 மைல் கார் வாங்குகிறார். இன்னொருவர் 12 மைல் ட்ரக்கை விற்று 15 மைல் ட்ரக் வாங்குகிறார். யார் அதிகம் மிச்சம் பிடித்தார்? 10 கூட்டியவர் என்றுதான் தோன்றும். 10,000 மைலுக்குப் போட்டுப் பாருங்கள். முதல்வர் 333 கேலனிலிருந்து 250-க்கு வந்தார், மிச்சம் 83. இரண்டாமவர் 833-லிருந்து 667-க்கு வந்தார், மிச்சம் 167. இரண்டு மடங்கு. டியூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் இருவரும் 2008-ல் சயன்ஸ் இதழில் இதைத்தான் காட்டினார்கள். 2013 மாடல் முதல் புதிய கார்களின் ஸ்டிக்கரில் 100 மைலுக்கு எத்தனை கேலன் என்பதும் சேர்த்து அச்சாகிறது. நம்மூர் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் கணக்கிலும் இதே மயக்கம் உண்டு.

அதனால் மைலேஜை மறந்துவிட்டு, வருஷத்துக்கு எத்தனை கேலன் என்று மட்டும் பாருங்கள். என் கணக்கில் ட்ரக் ஆண்டுக்கு 4,000 மைல் ஓடும். நிலத்துக்குப் போய்வருவது, தண்ணீர் நடை, கடை கண்ணி எல்லாம் சேர்த்துத் தாராளமாகப் போட்டது. கேலன் 3 டாலர் என்று வையுங்கள். 12 மைல் வண்டி 333 கேலன் குடிக்கும், 1,000 டாலர். 15 மைல் அரை டன் வண்டி 267 கேலன், 800 டாலர். 24 மைல் கொடுக்கும் ஹைப்ரிட் பிக்கப் 167 கேலன், 500 டாலர். யானைக்கும் ஹைப்ரிடுக்கும் வித்தியாசம் வருஷம் 500 டாலர். அந்த ஹைப்ரிட் நான் பார்த்த பழைய வண்டியைவிட 20,000 டாலருக்கு மேல் விலை கூட. பெட்ரோலில் அதைத் திரும்ப எடுக்க 40 வருஷம் ஆகும். 2022 ஜூனில் நாட்டின் சராசரி விலை 5 டாலரைத் தாண்டியதே, அந்த விலையே நிரந்தரமானால்கூட 24 வருஷம்.

இதே வண்டியை அலுவலகத்துக்கும் ஓட்டினால் கதை தலைகீழ். ஆண்டுக்கு 12,000 மைல் என்றால் 1,000 கேலன், 3,000 டாலர். எங்கள் வீட்டு ஹைப்ரிட் செடான் கேலனுக்கு 50 கொடுக்கிறது, அதே தூரத்துக்கு 240 கேலன், 720 டாலர். தினசரி ஓட்ட வேறு வண்டி இருப்பவருக்குத்தான் பெட்ரோல் குடிக்கும் பழைய ட்ரக் மலிவு. இருக்கும் காரைக் கொடுத்துவிட்டு எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும் என்று இறங்குபவர்களைத்தான் இது ஆண்டியாக்கும். எனக்குத் தெரிந்த வட்டத்தில் ட்ரக் வாங்கிப் புலம்புபவர்கள் பெரும்பாலும் இந்த வகை.

பெட்ரோல் விலை ஏறும் காலம்தான் இவற்றை வாங்க நல்ல காலம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2008 கோடையில் கேலன் 4 டாலரைத் தாண்டியபோது பெரிய ட்ரக்குகளை மாற்றுக்கு எடுத்துக்கொள்ளவே டீலர்கள் தயங்கினார்கள், பழைய வண்டி விலை சரிந்தது. குறைவாக ஓட்டப்போகிறவருக்கு, வாங்கும் விலையில் மிச்சமாகும் தொகை பம்பில் கூடுதலாகப் போவதைவிட மிக அதிகம்.

சரி, வாங்காமலே சமாளிக்க முடியாதா? பலருக்கு முடியும். மெத்தை, சோபா, எப்போதாவது பத்து மூட்டை மண் என்றால் ஹோம் டிப்போவிலோ யூ-ஹாலிலோ 20 டாலர் அளவில் தொடங்கி பிக்கப் வாடகைக்குக் கிடைக்கும். யூ-ஹாலில் மைலுக்குத் தனிக் காசு. நகருக்குள் என்றால் அதுவே போதும். நிலம் 45 மைல் தள்ளி இருந்ததால் எங்களுக்கு அது கட்டுப்படியாகவில்லை. உரத்தை லோடாகக் கொண்டுவந்து தரச்சொன்னால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். எஸ்யூவிக்குப் பின்னால் ட்ரெயிலர் கட்டுவது உண்மையிலேயே நல்ல வழி. 5,000 பவுண்டு இழுக்கும் எஸ்யூவி இருந்து, ட்ரெயிலரை நிறுத்த இடமும் இருந்தால் ட்ரக் பக்கமே போகாதீர்கள். எங்கள் எச்ஓஏ, அதாவது குடியிருப்புச் சங்கம், வீட்டு முன் ட்ரெயிலர் நிறுத்த விடாது. ஈரக் கரிசலில் ட்ரெயிலரை ரிவர்ஸ் எடுக்கும் திறமையும் எனக்கு இல்லை.

டீசலைப் பற்றி இரண்டு வரி. மைலேஜ் கூடுதல், இழுவை கூடுதல், மறுவிற்பனை மதிப்பும் உண்டு. ஆனால் புதிதில் டீசல் இன்ஜினுக்கே 10,000 டாலர் அளவில் கூடுதலாகக் கேட்பார்கள், பழையதிலும் அந்த வித்தியாசம் தொடரும். 2010க்குப் பிந்தைய சில டீசல்களில் வந்த சிபி4 உயர் அழுத்த பம்ப் உடைந்தால் உலோகத் தூள் எரிபொருள் பாதை முழுக்கப் பரவும், பில் ஐந்து இலக்கத்தைத் தொடலாம். குறைந்த தூரம் மெதுவாக ஓட்டினால் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும். வருஷம் 4,000 மைல் ஓட்டுபவருக்கு அந்தத் தலைவலி எதற்கு? எல்லாரும் டீசல் தேடுவதால் முக்கால் டன் பெட்ரோல் வண்டி ஒப்பீட்டளவில் மலிவாகக் கிடைக்கிறது. எனக்கு அதுதான் வாசல்.

2015 எஃப்-250, 6.2 லிட்டர் பெட்ரோல் வி8, ஆறு கியர் ஆட்டோமேட்டிக், ஃபோர் வீல் டிரைவ், எக்ஸ்எல் என்னும் அடிமட்ட வகை. வெள்ளை நிறம், ரெக்ஸின் சீட்டு, ரப்பர் தரை. ஒரு நிறுவனத்தின் வேலை வண்டியாக இருந்தது. கதவு ஸ்டிக்கரில் 3,200க்குப் பக்கம். டர்போ இல்லை, டீசல் பம்ப் இல்லை, பாதி சிலிண்டரை நிறுத்தி எரிபொருள் மிச்சம் பிடிக்கும் வித்தையும் இல்லை. அந்த வித்தை உள்ள சில வி8களில் வால்வைத் தூக்கும் லிஃப்டர் என்ற பாகம் போவது பரவலாகப் பேசப்படும் குறை. குடிப்பதைக் குறைக்கச் சேர்த்த பாகமே பழைய வண்டியில் முதலில் செலவு வைக்கும் பாகமாக மாறுவதைப் பல மாடல்களில் பார்க்கலாம். குறைவாக ஓட்டப்போகிறவர் எளிய இன்ஜினையே எடுக்கலாம், குடித்துவிட்டுப் போகட்டும்.

நிறுவனத்து வண்டிகளில் ஒரு பொறி உண்டு. வேலை நடக்கும் இடத்தில் ஏசிக்காக நாள் முழுக்க இன்ஜினை ஓடவிட்டு நிற்பார்கள். மைல் மீட்டர் அசையாது, இன்ஜின் தேயும். இந்த வகை ட்ரக்குகளில் டாஷ்போர்டு மெனுவுக்குள் போனால் இன்ஜின் மொத்தம் ஓடிய மணி நேரமும், நின்றபடி ஓடிய மணி நேரமும் தெரியும். மைலை மணியால் வகுங்கள். 1,20,000 மைல், 3,600 மணி என்றால் மணிக்கு 33 மைல் சராசரி. சாலையில் ஓடிய வண்டி. அதே மைலுக்கு 8,000 மணி என்றால் சராசரி 15. அது நின்றே கிழவனான வண்டி. ஒரு மணி நேரம் நின்றபடி ஓடினால் 25 முதல் 33 மைல் ஓடியதற்குச் சமம் என்று கணக்கு வைப்பார்கள். பளபளவென்று இருந்த ஒரு ட்ரக்கை இந்த ஒரு வகுத்தலில்தான் கழித்தேன். விற்பவருக்கே அந்த மெனு இருப்பது தெரிந்திருக்கவில்லை.

இன்னொரு வண்டிக்காரரிடம், நான் வரும்வரை இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். போனதும் பானெட்டில் கை வைத்தேன், சுட்டது. "கொஞ்சம் நகர்த்தி நிறுத்தினேன்" என்றார். நகர்த்தி நிறுத்தினால் அந்தச் சூடு வராது. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த முதல் ஓரிரு நிமிஷத்தில் 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால், சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் போல்ட் உடைந்து புகை கசிகிறது என்று பெரும்பாலும் பொருள். சூடேறியதும் உலோகம் விரிந்து இடைவெளி அடைபட்டு, சத்தம் நின்றுவிடும். பெரிய வி8களில் எல்லா நிறுவனத்திலும் காணும் நோய் இது. போல்ட் விலை சில்லறை, உடைந்த துண்டைக் குடைந்து எடுக்கும் கூலிதான் ஆளைச் சாய்க்கும். ஃபோனில் வீடியோவை ஓடவிட்டு, கடைசி சிலிண்டர் பக்கம் கையை நீட்டிப் படம் எடுங்கள். உடைந்த இடம் வெறும் ஓட்டையாகத் தெரியும்.

வண்டியின் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் ஒன்றை 20 டாலருக்கு வாங்கிக்கொள்ளுங்கள். செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை என்பது மட்டும் போதாது, யாராவது காலையில்தான் அழித்திருப்பார்கள். ஸ்கேனரில் மானிட்டர்கள், அதாவது வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் சோதனைகள், 'தயார்' என்று காட்டுகிறதா என்று பாருங்கள். பல 'தயார் இல்லை' என்றால் சமீபத்தில் துடைத்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். டெக்சஸில் 2025 முதல் சொந்த வாகனங்களுக்கு வருடாந்தரப் பாதுகாப்புச் சோதனை இல்லை. காலின், டாலஸ், டென்டன், ஹாரிஸ் போன்ற கவுன்டிகளில் புகைச் சோதனை மட்டும் உண்டு. அதாவது பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் அரசாங்கத்தின் சார்பில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நாம்தான் மெக்கானிக்கிடம் 150, 200 டாலர் கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொல்ல வேண்டும். விற்பவர் சொல்லும் மெக்கானிக் வேண்டாம்.

டயரின் பக்கவாட்டில் டாட் என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் வாரமும் வருஷமும். 3216 என்றால் 2016-ன் 32ஆவது வாரம். வரி ஆழமாக இருந்தாலும் அவ்வளவு பழைய டயரில் இரண்டாயிரம் பவுண்டு தண்ணீரை வைத்து நெடுஞ்சாலையில் போகக் கூடாது. இந்த வண்டிகளுக்கு ஈ ரகம் என்னும் கனத்த டயர் வேண்டும், நான்கும் சேர்த்து ஆயிரம் டாலர் அளவில் ஆகும். விலை பேசும்போது இதை எடுத்து வையுங்கள். எனக்குக் குறைத்தார்கள்.

கீழே படுத்து டார்ச் அடித்து வண்டியின் அடிச்சட்டத்தைப் பாருங்கள். ஒஹாயோ, மிச்சிகன் பக்கம் சாலைக்கு உப்பு போடும் ஊர்களிலிருந்து இங்கே கொண்டுவந்து விற்கும் வண்டிகள் உண்டு. மேலே புதுப் பெயின்ட் இருக்கும், அடியில் செதில் செதிலாகத் துரு உதிரும். 2017 ஹார்வி புயல் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளும் வேறு மாநிலம் போய், சுத்தமான உரிமைப் பத்திரத்தோடு திரும்பி வந்த பேச்சு உண்டு. சீட்டின் இரும்புத் தடத்துக்கு அடியில் விரலை விட்டுப் பாருங்கள், சேறு அங்கேதான் தங்கும். இன்சூரன்ஸ் மோசடிகளைக் கண்காணிக்கும் என்ஐசிபி அமைப்பின் தளத்தில் வின் என்னும் வண்டியின் அடையாள எண்ணைப் போட்டால், வண்டி திருடு போனதா, சால்வேஜ் என்று கழிக்கப்பட்டதா என்ற விவரம் இலவசமாகக் கிடைக்கும்.

ஓட்டிப் பார்ப்பது தெருவுக்குள் போதாது. முன்பக்கம் ஒரே அச்சாக இருக்கும் பெரிய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் 55, 60 மைல் வேகத்தில் பாலத்து இணைப்பைத் தாண்டும்போது ஸ்டியரிங் வெறிபிடித்து உதறும் நோய் உண்டு. டெத் வாபிள் என்று இங்கே பெயர். உயரம் ஏற்றி, அகல டயர் போட்ட வண்டியில் அபாயம் இன்னும் அதிகம். உயரம் ஏற்றிய வண்டியை நான் பார்க்கவே போகவில்லை. ஃபோர் வீல் டிரைவே வேண்டாம் என்றால் இந்தத் தொல்லை குறைவு, விலையும் குறைவு. ஆனால் காலி பிக்கப்பின் பின்பக்கம் எடையே இல்லாதது. மழை பெய்த மறுநாள் கரிசலில் பின் சக்கரம் மட்டும் சுற்றினால் நின்ற இடத்திலேயே குழி வெட்டும்.

வாங்கிய பிறகு தெரிவது சில. வண்டி இருபது அடிக்கு மேல் நீளம், எங்கள் கராஜ் உள்ளளவு அவ்வளவு இல்லை. வெளியில்தான் நிற்கும். டெக்சஸில் அதிகம் திருடு போகும் வாகனங்களில் பெரிய பிக்கப்புகள் முன்வரிசையில் இருக்கின்றன. தரையிலிருந்து உயரமாக இருப்பதால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை அடியிலிருந்து அறுத்துக்கொண்டு போவதும் சுலபம். நிலத்திலேயே விட்டுவிட்டு வரலாம் என்ற யோசனையைக் கைவிட இதுதான் காரணம். விலை பேசும் முன்பே வின் எண்ணைக் கொடுத்து இன்சூரன்ஸ் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள்.

பானெட் என் நெஞ்சு உயரத்துக்கு வருகிறது. முன்னால் ஒரு குழந்தை நின்றால் எனக்குத் தெரியாது. பானெட் 40 அங்குலத்துக்கு மேல் உயரமான வாகனங்கள் பாதசாரிமீது மோதினால் உயிர் போகும் வாய்ப்பு தாழ்ந்த, சரிந்த முகப்புள்ள கார்களைவிட ஏறத்தாழ 45 சதவீதம் அதிகம் என்று சாலைப் பாதுகாப்பை ஆராயும் ஐஐஎச்எஸ் அமைப்பு 2023-ல் கண்டது. பழைய வண்டியில் முன் கேமரா கிடையாது. தனியாக வாங்கிப் பொருத்தினேன். பள்ளிக்கூடத் தெருவில் இதை ஓட்டுவதே இல்லை.

தண்ணீர்த் தொட்டியைப் பற்றி ஒன்று. முழுக்க நிரப்புங்கள், இல்லையென்றால் காலியாக ஓட்டுங்கள். பாதித் தொட்டிதான் ஆபத்து. வளைவிலும் பிரேக் போடும்போதும் உள்ளே தண்ணீர் ஒரே பக்கமாக மோதி வண்டியைத் தள்ளும். நான்கு மூலையிலும் இறுக்கிக் கட்டும் ராட்செட் பெல்ட் போட்டு, கேபின் பக்கம் ஒட்டி வைக்க வேண்டும்.

பேப்பர் வேலையில் கவனிக்க வேண்டியது வரி. தனியாரிடம் வாங்கினால் டெக்சஸில் 6.25 சதவீதம். நீங்கள் கொடுத்த விலைக்கு அல்ல. அந்த விலை, அரசு வைத்திருக்கும் உத்தேச மதிப்பின் 80 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதற்கு. பேரம் பேசிக் குறைத்த தொகை முழுவதற்கும் வரி குறையாது. விற்பவரையும் கவுன்டி வரி அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், பெயர் மாற்றுவதற்கான 130-யு படிவத்தில் அங்கேயே கையெழுத்து வாங்கினோம். அலுவலகத்து நண்பர் ஒருவர் "6,000 பவுண்டுக்கு மேல் என்றால் வருமான வரியில் கழிக்கலாமே" என்று ஆசை காட்டினார். அது தொழிலுக்குப் பாதிக்கு மேல் ஓட்டுபவர்களுக்கு. மாதுளைக்கன்றுக்குத் தண்ணீர் விடுவது அதில் வராது.

அதிகம் குடிக்கும் வண்டிக்கு அபராத வரி உண்டே என்று கணவர் தேடிப் பார்த்தார். உண்டு, 1978 சட்டத்தில் வந்தது. கேலனுக்கு 22.5 மைலுக்குக் கீழே கொடுக்கும் புதுக் கார்களுக்கு மட்டும். பிக்கப்புக்கு முழு விலக்கு. மாநிலப் பதிவுக் கட்டணமோ 6,000 பவுண்டு வரை 50.75 டாலர், அதற்கு மேல் 10,000 வரை 54 டாலர். யானைக்கு அரசாங்கம் கூடுதலாகக் கேட்டது 3.25 டாலர், பதிவு ஸ்டிக்கரை அன்றே கையில் கொடுத்தார்கள்.